புகைச் சான்றும் மனச்சான்றும்

இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அவற்றைக் கடைப்பிடிப்பதற்குரிய இடங்கள் எவை என்று யாரேனும் வினவினால் பூசையறை, சமையலறை, வணிகக் கடை என்று விடை கூறுவோம். மோட்டார் பட்டறையும் அத்தகைய ஓர் இடமே என்பதை எழுபது வயதைக் கடந்தபின் நான் கற்றுக்கொண்டேன். கற்றதைப் பிறருக்குச் சொல்லாமல் இருக்க ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களால் இயலாது. ஆகவே இக்கட்டுரை.

என் கணவர் 2005ஆம் ஆண்டில் ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கினார். அவர் மறைந்த பின்னும் நான் அதை விற்கவில்லை. மருத்துவமனைக்குச் செல்லவும், ஆண்டில் ஓரிரு முறை பொன்னூர் மலைக்கும் மேல்சித்தாமூருக்கும் சென்று வரவும் அது பயன்பட்டது. என் தம்பி மகன் ஓட்டுவான். சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்குப் பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் காருக்கு 2020இல் ஒரு முறையும் 2025இல் மறுமுறையும் அந்த வேளை வந்தது. அதற்குச் செல்லும்போது காலாவதியாகாத புகைச் சான்று கையில் இருத்தல் வேண்டும்.

புகைப் பரிசோதனை நிலையம் என்பது சாலையோரத்தில் ஒரு பெட்டிக்கடை அளவேயான அறை. உள்ளே ஒரு கணிப்பொறி, ஒரு கருவி, அதிலிருந்து நீளும் ஒரு குழாய். அங்கிருந்த இளைஞர் குழாயின் முனையைக் காரின் சைலன்சருக்குள் செருகிச் சற்று நேரம் கணிப்பொறியைப் பார்த்தார். எங்கள் கார் தயாரான காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு, வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில், கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது; எரியாத எரிபொருளான ஹைட்ரோகார்பன் பத்து லட்சம் பங்கில் 750 பங்கிற்கு மேற்படலாகாது. எங்கள் வண்டியில் முதலாவது 2.4 என்றும், இரண்டாவது 900ஐத் தாண்டியும் காட்டியது.

“டீச்சரம்மா, வண்டி தேறாது. ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்கிறேன். குழாயை அதோ நிற்கிற புது வண்டியில் வைத்துவிடலாம். எல்லோருக்கும் செய்வதுதான்” என்றார் அவர்.

அவர் தீயவர் அல்லர். என் முதுமையைக் கண்டு இரங்கி உதவி செய்ய முன்வந்தவர். அதனாலேயே உடனே மறுக்க என் நா எழவில்லை. “யோசித்துச் சொல்கிறேன், தம்பி” என்று கூறித் திரும்பினேன். வழியில்தான் ஒன்று உறைத்தது. 2020இல் முதன்முறை புதுப்பித்தபோது, எல்லாவற்றையும் ஒரு முகவரிடம் ஒப்படைத்திருந்தேன். கார் வீட்டைவிட்டு வெளியே செல்லாத ஒரு நாளில் புகைச் சான்று மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் கேள்வி கேட்கவில்லை. கோப்பில் வைத்துக்கொண்டேன். அன்று அறியாமல் செய்ததாக இன்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அறியக் கூடாது என்றே கேளாமல் இருந்தேன் என்பதுதான் உண்மை.

வீட்டில் எனக்கு மூவகை அறிவுரைகள் கிடைத்தன. காகிதத்தை வாங்கிவிடு, ஊரெல்லாம் அப்படித்தான் என்றது ஒன்று. லாரிகளும் ஆலைகளும் கக்கும் புகைக்கு முன்னால் உன் கார் எம்மாத்திரம் என்றது மற்றொன்று. தொல்லையே வேண்டாம், விற்றுவிடு என்றது மூன்றாவது. மூன்றும் அன்பினால் சொல்லப்பட்டவை. ஆயினும் மூன்றையும் தனித்தனியே எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டேன்.

அதற்கு முன், குறை எங்கே இருக்கிறது என்பதை அறிந்தாக வேண்டும். எங்கள் மெக்கானிக் பொறுமையுள்ளவர். காரை உயர்த்தி அடிப்புறத்தைக் காட்டினார். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே, குழாயில் ஒரு சிறு பேழை போன்ற பகுதி உண்டு. அதன் பெயர் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். அதனுள்ளே கண்ணறை கண்ணறையாகத் துளையிட்ட ஒரு பீங்கான் கட்டி இருக்கிறது. அக்கண்ணறைகளின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். ஏறத்தாழ 300 பாகை வெப்பம் ஏறிய பின் அது தன் பணியைச் செவ்வனே செய்யும். கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக்கும். எரியாமல் எஞ்சிய எரிபொருளை நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் ஆக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகளைக் காற்றில் இயல்பாக உள்ள நைட்ரஜனாக்கும்.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். ஆதலால் ஈயமில்லாப் பெட்ரோலும் அப்போதே அந்நகரங்களுக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது.

கார்பன் மோனாக்சைடு ஏன் தடுக்கப்படுகிறது என்பதை அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவை ஏந்திச் செல்லும் பணியைச் செய்கிறது. அந்த ஹீமோகுளோபினோடு கார்பன் மோனாக்சைடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேர்ந்துகொள்ளும். மூச்சு நடந்துகொண்டே இருக்கும். ஆனால் மூச்சின் பயன் உடலுக்குக் கிட்டாது. சாலைச் சந்திப்பில் நம் வண்டி நிற்கும்போது, அதன் சைலன்சர் உயரத்தில் முகம் வைத்து நிற்பது யார்? பள்ளிக்குச் செல்லும் சிறு பிள்ளைகளும், நடைபாதையில் அமர்ந்து பூ விற்பவர்களும், நாய், கன்று முதலிய வாயில்லா உயிர்களுமே.

எங்கள் காரில் அப்பகுதி உள்ளுக்குள் உருகி அடைபட்டிருந்தது. புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாமா என்று கேட்டேன். “அம்மா, அதை மட்டும் மாற்றினால் புதியதும் ஒரு வருடத்தில் இப்படியே ஆகும். இது தானாகக் கெடவில்லை” என்றார் மெக்கானிக். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்னும் சிறு உறுப்பு ஒன்று உண்டு. எஞ்சினுக்குள் எரிபொருள் மிகுதியாகச் செல்கிறதா, குறைவாகச் செல்கிறதா என்று அறிவிப்பது அதன் வேலை. அது செயலிழந்து நெடுநாளாயிற்று. எரிபொருள் அளவுக்கு மீறிச் சென்றது, எரியாமல் வெளியேறியது, கன்வர்ட்டருக்குள் புகுந்து அங்கே எரிந்தது. அந்த வெப்பம் தாங்காமல் பீங்கான் உருகியது. இரண்டு ஆண்டுகளாக வண்டி அதிகப் பெட்ரோல் குடிக்கிறது என்று தம்பி மகன் சொல்லிவந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது. அடையாளம் முன்னரே தெரிந்தது. நாங்கள்தான் கண்டுகொள்ளவில்லை.

மெக்கானிக் நேர்மையாக வேறொன்றும் சொன்னார். சிலர் உள்ளிருக்கும் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் மறுபடி பொருத்தச் சொல்கிறார்களாம். வண்டி சுறுசுறுப்பாக ஓடும். கீழே குனிந்து பார்ப்பவர்களுக்குப் பகுதி இருப்பதாகவே தோன்றும். செலவு மிகக் குறைவு. சென்சாருடன் புதிய கன்வர்ட்டரும் பொருத்துவதற்கு என் ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் ஆகும்.

இனி அறநெறிக்கு வருவோம். நம் ஆசிரியர்கள் இம்சையை நான்காகப் பகுத்துள்ளனர். வேண்டுமென்றே செய்யும் சங்கற்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல், நடத்தல் முதலியவற்றில் நேரும் ஆரம்ப இம்சை. தொழிலில் நேரும் இம்சை. தற்காப்பில் நேரும் இம்சை. இல்லறத்தார் முதலாவதை முற்றும் நீக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். கார் ஓட்டுவது ஆரம்ப இம்சையில் சேரும். காற்றையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று நம்பும் நாம், எந்த வண்டியைத் தொட்டாலும் இம்சை நேரும் என்பதை அறிவோம். புதிய கன்வர்ட்டரும் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடத்தான் செய்கிறது. முழுத் தூய்மை அதனிடமும் இல்லை.

“அப்படியானால் கொஞ்சம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?” என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். இக்கேள்விக்கு உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்குக் கூறும் இலக்கணமே விடையாகிறது. உயிருக்கு ஊறு நேர்தல் மட்டும் அன்று. கவனமின்மையால் அது நேர்தல் என்பதே அவ்விலக்கணத்தின் உயிர்நாடி. அடுப்பு மூட்டும்போது விறகைத் தட்டிப் பார்த்து வைக்கும் தாய்க்கும், பாராமல் வைக்கும் தாய்க்கும் நெருப்பு ஒன்றுதான், வினை ஒன்றன்று. தவிர்க்க இயலாதது என்ற சொல், தவிர்க்க இயன்றதை எல்லாம் தவிர்த்த பின் எஞ்சுவதற்கு மட்டுமே பொருந்தும். பழுது எனத் தெரிந்து, திருத்தும் வழியும் தெரிந்து, பொருளும் கையில் இருக்கும்போது விட்டுவைத்தால், அது ஆரம்ப இம்சை என்னும் நிழலில் ஒதுங்க முடியாது.

பொய்ச் சான்றைப் பற்றி இன்னும் தெளிவாகவே சொல்லப்பட்டுள்ளது. வாய்மை அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்களை அதே நூல் எண்ணுகிறது. அவற்றுள் ஒன்று கூடலேகக் கிரியை. பொய் ஆவணம் உண்டாக்குதல். கள்ளாமை விரதத்தின் குற்றங்களுள் ஒன்று அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் காட்டுதல். படியும் தராசும் வைத்து வாணிகம் செய்தோர்க்குச் சொல்லப்பட்டது அது. 0.5 என்னும் அளவும் ஒரு படிதான். வேறொரு வண்டியின் புகையை என் வண்டியின் புகையாக அளப்பது கள்ளப்படி அன்றி வேறென்ன? பொய்யை எழுதுபவர் அந்த இளைஞர், நான் வாங்குபவள் மட்டுமே என்று தப்பவும் வழியில்லை. தான் செய்தலும், பிறரைக் கொண்டு செய்வித்தலும், பிறர் செய்கைக்கு உடன்படலும் என மூன்றிலும் வினை உண்டு. 2020இல் நான் உடன்பட்டேன். 2025இல் செய்விக்க இருந்தேன்.

சட்டமும் இதனைச் சிறு செய்தியாகக் கருதவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபின், மாசு விதிகளை மீறி ஓட்டுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆயினும் அபராதத்திற்கு அஞ்சித் திருத்துபவர், அபராதம் இல்லாத சாலையில் திருந்தார். நான் சொல்ல வந்தது அதற்கும் அப்பாற்பட்டது.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் உலகம் ஒரு செய்தியைக் கேட்டு வியந்தது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களில் ஒரு மென்பொருளை மறைத்து வைத்திருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு வெளிப்படுத்தியது. தன்னைச் சோதிக்கிறார்கள் என்பதை அந்தக் கார் தானே கண்டுகொள்ளும். சோதனை நடக்கும்போது புகைக்கட்டுப்பாடு முழுமையாக வேலை செய்யும். சாலையில் இறங்கியதும் அது தளர்ந்துவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகள் அனுமதித்த அளவைவிட நாற்பது மடங்கு வரை வெளிவந்தன. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் கார்களில் அம்மென்பொருள் இருந்தது.

அச்செய்தியைப் படித்த நாளில் அந்நிறுவனத்தின் மேல் எனக்குச் சினம் வந்தது. பட்டறையில் அமர்ந்து அதை மறுபடி நினைத்தபோது சினம் என்மேல் திரும்பியது. ஏனெனில் அந்தக் காரை நான் முன்பே அறிவேன். என் வகுப்பறையில் அதை நானே ஓட்டியிருக்கிறேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகள் அவை. ஆண்டாய்வுக்கு அதிகாரி வருவார். வருவதற்கு ஒரு வாரம் முன்பே குறிப்பேடுகள் சீராகும். சுவர்களில் படங்கள் ஏறும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முன்வரிசைக்கு வருவார்கள். எந்தப் பாடத்தை நடத்தப் போகிறேனோ அதை இருமுறை முன்னரே நடத்திப் பழக்கிவிடுவேன். மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் ஒரு சிறுவன் இருந்தான். அவனை அருகில் அழைத்து, “நாளைக்கு நீ வீட்டில் இரு, கண்ணா” என்று மென்மையாகச் சொன்னேன். ஆய்வு சிறப்பாக முடிந்தது. பாராட்டுக் குறிப்பும் எழுதப்பட்டது. அடுத்த நாள் காலை அவன் வகுப்பு வாசலிலேயே நின்று, “அவர் போயிட்டாரா டீச்சர்? நான் உள்ளே வரலாமா?” என்று கேட்டான்.

அந்தக் குரலை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்து வருகிறேன். ஆய்வு எதற்காக ஏற்பட்டது? அவனைப் போன்ற பிள்ளை எவனேனும் வகுப்பில் பின்தங்கியிருக்கிறானா என்று கண்டறியத்தான். அவனையே அன்று நான் மறைத்துவிட்டேன். பள்ளிக்கு நற்சான்று கிடைத்தது. அவனுக்குப் படிப்புக் கிடைக்கவில்லை. புகைப் பரிசோதனையும் அவ்வாறே. சாலையில் மூச்சுவிடுபவர்களின் பொருட்டு அது ஏற்பட்டது. சான்றை மட்டும் பெற்றுக்கொண்டு அவர்களை மறைத்துவிடுவது எளிது. ஆனால் எந்தத் தீங்கைக் கண்டறியச் சோதனை ஏற்பட்டதோ அத்தீங்கு, சான்றின் நிழலில் முன்னிலும் பாதுகாப்பாக வாழும். சான்றில்லாத வண்டியையாவது யாரேனும் நிறுத்திக் கேட்பார்கள்.

விற்றுவிடு என்ற அறிவுரைக்கும் இங்கே விடை கிடைத்தது. குறையைச் சொல்லாமல் விற்றால், என் புகை வேறொருவர் பெயரில் வேறோர் ஊரில் தொடரும். குறையைச் சொல்லி விற்றாலும், வாங்குபவர் திருத்துவார் என்பதற்கு உறுதியில்லை. ஓடத் தகுதியற்ற வண்டியானால் உடைத்துவிடுவதே முறை. அதற்கென அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் உண்டு. எங்கள் காரின் எஞ்சின் நன்றாக இருந்தது. ஆகவே திருத்துவதே என் கடன் எனத் தெளிந்தேன்.

உன் கார் எம்மாத்திரம் என்பதற்கு ஒரு சொல். உப்புக் குவியலில் ஒரு கல்லைக் குறைத்தால் உப்பு குறைந்ததாகத் தெரியாது. ஆனால் விரதம் குவியலைப் பார்த்து எடுக்கப்படுவதன்று. ஊரில் புலால் உண்போர் பலர் என்பதால் நம் முன்னோர் தம் கலத்தில் அதனை இட்டுக்கொள்ளவில்லை.

ஓய்வூதியம் பெறுபவர் இவ்வாறு பேசலாம், அன்றாடங்காய்ச்சி என்ன செய்வார் என்று கேட்பது நியாயமே. எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டுவரும் முதியவரின் பழைய மொபெட் நீலப்புகை கக்கும். என்னைப் போல் செலவிடு என்று அவரிடம் சொன்னால் அது கொடுமை. கடமை என்பது ஆற்றலின் அளவினது. ஆனால் அவருடைய வண்டிக்கு வேண்டியிருந்தது மிகச் சிறிதே. பெட்ரோலில் ஆயிலை அளவுக்கு மேல் கலந்துவந்தார், சைலன்சரில் கரி அடைந்திருந்தது, பிளக் தேய்ந்திருந்தது. எங்கள் மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் சரிசெய்தார். அச்செலவை நான் ஏற்றேன். அபயதானம் நான்கு தானங்களுள் ஒன்று என்று கற்பிக்கும் நமக்கு, பிறர் மூச்சுக்கு அச்சம் நீக்குவதும் அதில் அடங்கும் என்றே தோன்றுகிறது.

எங்கள் காரில் முதலில் சென்சாரை மாற்றினோம். ஏர் ஃபில்டர், பிளக், ஆயில் ஆகியவற்றையும் மாற்றினோம். காரணத்தைத் தீர்த்த பின்னரே புதிய கன்வர்ட்டரைப் பொருத்தினோம். எஞ்சின் நன்கு சூடேறும்படி சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே நிலையத்திற்குச் சென்றோம். கார்பன் மோனாக்சைடு 0.2 என்று வந்தது. அந்த இளைஞர் கருவியைத் தட்டிப் பார்த்து மறுபடி அளந்தார். “உண்மையாகவே தேறிவிட்டதே, டீச்சரம்மா!” என்றார். அவர் குரலில் இருந்த வியப்பு எனக்கு மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் ஒருங்கே தந்தது.

எங்கள் காருக்குச் சான்று ஆறு மாதத்திற்கே செல்லும். ஏறத்தாழ நூற்றெண்பது நாள்களில் ஒரு நாளை மட்டுமே கருவி பார்க்கிறது. எஞ்சிய நாள்களைப் பார்ப்பதற்கு நம் முன்னோர் வேறொரு வழி வைத்தார்கள். அதுவே பிரதிக்கிரமணம். எவரும் வந்து ஆராயாத போதும், அன்றன்று செய்த பிழையைத் தாமே எடுத்துப் பார்த்து, வருந்தி, திருத்திக்கொள்ளுதல். அதில் முன்வரிசையும் இல்லை, பின்வரிசையும் இல்லை. வேறொருவர் புகையை நம் புகையாகக் காட்டவும் இயலாது.

அடுத்த முறை உங்கள் இல்லத்து வண்டிக்குப் புகைச் சான்று வாங்கச் செல்லும்போது, அன்பர்களே, காகிதத்தைக் கோப்பில் வைக்குமுன் கருவி காட்டிய எண்களைப் படித்துப் பாருங்கள். உடன் வரும் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டி விளக்குங்கள். வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்ட அச்சிறுவனுக்கு நான் திருப்பித் தர வேண்டியது நிறைய உண்டு. அவன் இன்று எங்கிருக்கிறான் என்று அறியேன். எங்கோ ஒரு சாலையில் அவன் பேரன் நடந்து பள்ளிக்குச் செல்லக்கூடும். அவன் விடும் மூச்சில் என் வண்டியின் புகை இனியேனும் குறைந்திருக்கட்டும்.